என் மிருதங்கக்காரரைக் கொண்டுபோன மனிதர்

தாளம் போடும்போது என் கணவருக்குச் சிரிப்பு வரும் என்பதை, லண்டன் டூட்டிங்கில் ஒரு பப்பின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடிதான் அறிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை தூறிக்கொண்டிருந்தது. சேலைக்கு மேல் கோட்டும் கோட்டுக்கு மேல் சால்வையுமாக நின்றேன். நவராத்திரிக் கச்சேரி பேசுவதற்காக ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களை இருத்தி, தேத்தண்ணி கொடுத்துவிட்டு, இவரைக் கூட்டிப்போக வந்திருந்தேன். கூட்டாளி ஒருவரைப் பார்த்துவிட்டு வருவதாகத்தான் இவர் சொல்லிப் போயிருந்தார்.

உள்ளே, மூலையில், தொப்பி போட்ட ஒரு கறுத்த மனிதர் கிட்டார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். ஒரு அடி பாடினார்; கிட்டாரைக் கீழே வைத்தார்; வயலினை எடுத்தார். பாட்டு முடிவதற்குள் பியானோவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குப் பின்னால் என் கணவர். இரண்டு கம்பித் துடைப்பங்களால் ட்ரம்மைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறையச் சிரிப்பு.

கலியாணம் முடித்து எட்டு வருடம். என்னோடு எத்தனையோ மேடைகளில் இருந்தவர். ஒரு நாளாவது அப்படி ஒரு முகத்தை எனக்குக் காட்டவில்லை.

நான் கதவைத் தள்ளவில்லை. வீட்டுக்குத் திரும்பி, வந்தவர்களிடம் இவருக்கு ஷிப்ட் மாறிவிட்டது என்று சொன்னேன். எனக்கு நெஞ்சில் ஊசி ஏற்றியது போல இருந்தது என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

ஒரே ஒரு எதிரி

இந்தத் தொடரை வாசிக்கும் ஒருவர், லண்டனில் உங்களுக்கு எதிரிகளே இருக்கவில்லையா என்று கேட்டு எழுதியிருந்தார். இருந்தார். ஒரே ஒருவர். அது அவருக்குத் தெரியாமலே கனகாலம் இருந்தது. அவருடைய பெயர் ஏமஸ்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முதல் என் கலியாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் நான் வயலின் படித்துப் பட்டம் வாங்கி, கோயில் மேடைகளில் தனிக் கச்சேரி செய்துகொண்டிருந்தேன். தவராசா என்ற மிருதங்கக்காரர் ஒருவர் தொடர்ந்து மூன்று திருவிழாக்களுக்கு எனக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். கணக்கு அப்படி ஒரு சுத்தம். என் தகப்பனார் சாதகத்தையும் பார்த்தார், தாளத்தையும் பார்த்தார். இரண்டும் பொருந்தின.

ஊரெல்லாம் எனக்குக் கணவன் கிடைத்துவிட்டான் என்றார்கள். எனக்கோ சாகும்வரை ஒரு மிருதங்கம் கிடைத்துவிட்டது என்றுதான் நினைப்பு.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு லண்டன் வந்து சேர்ந்ததைச் சென்ற வாரம் எழுதினேன். டூட்டிங்கில் கடையொன்றின் மேல் இரண்டு அறைகள். நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. இவர் பெற்றோல் ஷெட்டில். வயலினும் மிருதங்கமும் கட்டிலுக்குக் கீழே.

ஒரு நாள் ஆளில்லாத நேரம், ஷெட் மேசையில் இவர் விரலால் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். பழைய வானுக்குப் பெற்றோல் அடிக்க வந்த ஏமஸ் வாசலிலேயே நின்றுவிட்டாராம். அது எத்தனை எண்ணிக்கை என்று கேட்டாராம். ஏழு என்றிருக்கிறார் இவர். ஏமஸ் கண்ணாடி ஜன்னலில் அந்த ஏழு எண்ணிக்கையையும் திருப்பித் தட்டிக் காட்டிவிட்டு, பெயர் என்னவென்று கேட்டாராம்.

தவராசா என்பது அவருடைய வாயில் நுழையவில்லை. 'ராஜா' என்று கூப்பிடத் தொடங்கினார். நான் வாய்விட்டுச் சொல்லாத பெயரை, நேற்று வந்த ஒருவர் தெருவுக்குக் கேட்கக் கூப்பிட்டார்.

எந்த அலுமாரியில் வைப்பது?

ஏமஸின் கதையை எனக்குச் சொன்னவர் இவர்தான். சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு, கை காய்ந்துபோகும்வரை சொல்வார்.

அமெரிக்காவின் தெற்கே, லூசியானாவில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பிறந்தவர். தகப்பன் தோட்டத்தில் கரும்பு வெட்டியவர். சனிக்கிழமைகளில் ஆட்டக் கொட்டகைகளில் வயலின் வாசித்தவர். ஏமஸுக்கு முதல் கிடைத்த வேலை, லொறியில் ஊர் ஊராய்ப் போய் மருந்து விற்பவனுடைய கூட்டத்தில் ட்ரம் அடிப்பது. பிறகு நியூ ஓர்லியன்ஸில் ஒரு ஜாஸ் குழுவில் ட்ரம்பெட்காரன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, தனக்கு வாசிக்கத் தெரியும் என்று பொய் சொல்லி, மூன்று கிழமையில் அதைப் பழகியிருக்கிறார். பட்டாளத்தில் பியானோ. திரும்பி வந்து மெம்பிஸில் புளூஸ் பாடகர்களுக்குக் கிட்டார்.

பெயர் பெற்ற வெள்ளைக்காரப் பாடகர் ஒருவருடைய இசைத்தட்டு முழுக்க வயலின் வாசித்ததும் ஏமஸ்தான். உறைக்குப் படம் பிடிக்கும் நேரம், வெளியே வானுக்குள் போய் இருக்கச் சொன்னார்களாம்.

இதைச் சொல்லும்போது இவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது.

அவர் தன் பெயரில் வெளியிட்ட தட்டுகள் ஒன்றும் விற்கவில்லை. புளூஸ் கேட்பவர்கள் அதை ஜாஸ் என்றார்கள். ஜாஸ் கேட்பவர்கள் நாட்டுப்பாட்டு என்றார்கள். கடைக்காரர்களுக்கு அதை எந்த அலுமாரியில் வைப்பது என்று தெரியவில்லை. அறுபதுகளின் கடைசியில் ஒரு குழுவோடு ஐரோப்பாவுக்கு வந்தார். மற்றவர்கள் திரும்பிப் போக, டூட்டிங்குக்குப் பக்கத்துப் பால்ஹாமைச் சேர்ந்த பெண் ஒருவருக்காக இங்கேயே நின்றுவிட்டார். அந்தப் பெண்ணும் காலமாகிவிட்டார். மிஞ்சியது நகரசபை வாடகைக்குக் கொடுத்த ஒரு கவுன்சில் வீடும் ஞாயிற்றுக்கிழமைப் பப்பும்.

அதைக் கேட்டபோது எனக்கு ஒரு சந்தோசம் வந்தது. ஐந்து வாத்தியம் வாசித்தும் ஒன்றாலும் நிலைக்கவில்லையே என்ற சந்தோசம். நான் ஒன்றையே பிடித்துக்கொண்டு இருபது வருடம் இருந்தவள். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் நினைவுக் குறிப்பு ஆகாது.

மோகனம்

ஒரு நாள் ஏமஸ் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். இடியப்பத்தைக் கையால் சாப்பிட்டார். சொதியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். மூன்று வயது மகள் அவருடைய கோட்டின் மேலேயே படுத்து நித்திரையாகிவிட்டாள். வீடு முழுக்க ஆளுக்கு ஆள் அவருடைய பக்கம்.

சாப்பாடு முடிய, என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நான் நிலத்தில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, மோகனம் வாசித்தேன். நன்றாகத்தான் வாசித்தேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கேட்டு முடித்து, உத்தரவு வாங்கி, என் வயலினை எடுத்தார். அதைத் தாடைக்குக் கீழேயும் வைக்காமல் காலிலும் ஊன்றாமல் நெஞ்சில் சாத்திக்கொண்டார். அதே ஐந்து சுரங்கள்தான். நான் இழுத்த இழுப்புகளையே எடுத்து, தன் ஊர்ப் பாட்டொன்றுக்குள் கொண்டுபோனார். கமகம் என்று நாங்கள் ஆயிரம் தரம் அழித்து எழுதிப் படித்ததை, அவர் ஒரு தரம் கேட்டுவிட்டுச் செய்தார். பிழையாகச் செய்தார். ஆனால் அந்தப் பிழை அழகாக இருந்தது. அதுதான் என்னை எரித்தது.

இவர் சோற்றுப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துத் தட்டத் தொடங்கினார். நான் எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினேன். அன்றைக்குக் கழுவத் தேவையில்லாத கோப்பைகளையும் கழுவினேன்.

ஒரு கடித உறை

எண்பதுகள் முடிகிற நேரம், சிறிய இசைத்தட்டுக் கம்பனி ஒன்று ஏமஸைத் தேடி வந்தது. ஐரோப்பாவில் ஆறு கிழமை சுற்றிக் கச்சேரி. கடைசியில் ஒரு தட்டு. ட்ரம்முக்கு ராஜாதான் வேண்டும் என்று ஏமஸ் சொல்லிவிட்டார்.

இவர் அன்றைக்குப் படியேறி வந்த சத்தத்திலேயே விசயம் தெரிந்தது. இரண்டு இரண்டு படியாக வந்தார்.

எங்களிடம் பாஸ்போர்ட் இல்லை. அகதிகளுக்குரிய பயணப் பத்திரம் எடுக்க வேண்டும். இவர் படிவத்தை நிரப்பி, படம் ஒட்டி, கையெழுத்து வைத்து, உறையில் போட்டு என்னிடம் தந்தார். தபாற்கந்தோர் நான் வேலைக்குப் போகிற வழியில் இருந்தது.

"மறக்காமல் ரெஜிஸ்டரில போடும். இது கிடைக்காட்டி என்னாலை போக ஏலாது," என்றார்.

"ஓம்," என்றேன்.

தபாற்கந்தோர் வாசலில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். பிறகு இரண்டு பேர். பிறகு ஒருவர். என்னைக் கூப்பிட்டபோது நான் முத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். முதலில், நாளைக்குப் போடலாம் என்றுதான் நினைத்தேன். நாளைக்கும் அப்படியே நினைத்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு அந்த உறை என் கீர்த்தனைக் கொப்பிகளுக்கு இடையில் போய்விட்டது.

காலையில் தபால்காரர் கதவுத் துவாரத்தால் கடிதங்களைப் போடும் நேரம் இவர் படியின் நடுவில் வந்து நிற்பார். விழும் சத்தத்துக்காகக் காத்திருப்பார். நான் மேலே பாண் வெட்டிக்கொண்டிருப்பேன். அப்படி எத்தனை காலைகள்! எந்தக் காலையிலும் நான் வாய் திறந்திருக்கலாம்.

பத்திரம் கொடுக்கும் கந்தோரில் விசாரிக்கப் போகிறேன் என்று இவர் ஒரு நாள் வெளிக்கிட்டபோது, போய்க் கரைச்சல் கொடுத்தால் எங்களுடைய கோவையை மற்ற ஃபைல்களுக்கு அடியில் போட்டுவிடுவார்கள் என்று நானே சொல்லி நிறுத்தினேன். அகதியாக வந்தவருக்கு அந்தப் பயம் போதும். நம்பினார்.

ஏமஸின் குழு புறப்பட்ட காலை நானும் போயிருந்தேன். வேறொரு ட்ரம்காரர் வந்திருந்தார், இளம் ஆங்கிலேயர். அவருடைய ட்ரம்களை வானுக்குள் ஏற்றியது என் கணவர். ஒவ்வொன்றாகத் தூக்கி, உருளாமல் பழைய போர்வை சுற்றி, கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். வான் திரும்பி மறையும்வரை றோட்டில் நின்றார்.

நான் வென்றுவிட்டேன்.

சரியாக வாசித்தார்

அந்த வருட நவராத்திரிக்கு எனக்கு இவர் வாசித்தார். ஒரு அட்சரம் பிசகவில்லை. கேட்டவர்கள் புகழ்ந்தார்கள்; எங்களுடைய ஆட்களின் பத்திரிகையொன்றில் நாலு வரி வந்தது. உள்ளே ஆள் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. கை வாசித்தது, மனிதர் ஏமஸின் வானுக்குள் இருந்து எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்.

ஏமஸின் தட்டு வெளியானது. ஐம்பது வருடம் யாரும் திரும்பிப் பார்க்காத மனிதரைப் பெரிய பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஏன் இவ்வளவு காலம் இந்த மனிதரைத் தெரியாமல் போனது என்று கேட்டார்கள். எந்த அலுமாரி என்ற பிரச்சினை தீர்ந்தது. கடைக்காரர்கள் அவரை ஜன்னலில் வைத்தார்கள். நான் வேலைக்குப் போகும் வழியில் அந்தத் தொப்பி. வேலையால் வரும் வழியிலும் அந்தத் தொப்பி. தெருவின் மற்றப் பக்கத்தால் நடக்கத் தொடங்கினேன்.

அந்த இளம் ட்ரம்காரர் குழுவில் நிலைத்துவிட்டார். இவர் பெற்றோல் ஷெட்டில் மேற்பார்வையாளர் ஆனார். மேசையில் தட்டுவதை விட்டுவிட்டார்.

ஒரு வயலின், இரண்டு பேர்

தொண்ணூறுகளின் நடுவில் ஏமஸைப் பக்கவாதம் தாக்கியது. இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பி வந்தது, கை வரவில்லை. குழு கலைந்தது.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு பகலில் தொலைபேசி அடித்தது. ஏமஸ். இவரைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை, என்னைக் கேட்டார். தகப்பனுடைய பாட்டொன்று தன்னிடம் இருக்கிறது, எந்தத் தட்டிலும் இல்லை, அதை நாடாவில் பிடித்து வைக்க வேண்டும், வர முடியுமா என்றார்.

ஏன் போனேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் கை விழுந்து கிடப்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்திருக்கலாம்.

டூட்டிங் பெக்கிலிருந்து பால்ஹாமுக்கு ஒரே ஒரு ஸ்டேஷன். கவுன்சில் வீட்டின் மூன்றாம் மாடி. நான் என் வயலினைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். தன் வயலினைத் தன் நெஞ்சிலேயே சாத்தச் சொன்னார். இடப் பக்கம் கதிரை போட்டு என்னை இருத்தினார். வில் அவருடைய வலது கையில். தந்தியில் விரல் வைப்பது நான். பாட்டை முணுமுணுப்பார், நான் விரலால் தேட வேண்டும்.

முதல் நாள் ஒன்றும் சரிவரவில்லை. நான் சுரத்தைத் தேடிப் பிடித்து வைக்க, வில் அதற்குள் போய்விட்டிருக்கும். "மேடம், சுரத்தை விடு. வில்லைக் கேள்," என்றார். இரண்டாம் நாள் கேட்டேன். இழுப்பதும் நிறுத்துவதும் இடையில் சின்னதாக ஒரு உதறலுமாக, அந்த வில் தானே ஒரு ட்ரம் போல நடந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் என் விரல்கள் தாமாக ஏறின. என் கணவர் எதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடினார் என்பது எனக்கு விளங்கியது. விளங்கியதும் பொறாமை குறையவில்லை; கூடியது. இவ்வளவு காலமும் இதை இவர் தனியாக அனுபவித்திருக்கிறாரே!

மூன்றாம் நாள், பாட்டின் பாதியில், என் விரல்கள் நின்றுவிட்டன. வாயில் வந்தது: அந்தப் பயணப் பத்திரப் படிவத்தை நான்தான் அனுப்பவில்லை.

ஏமஸ் வில்லை மடியில் வைத்தார். மன்னிப்பார் என்றோ, பெரிய மனிதர் போல ஏதாவது சொல்வார் என்றோ நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவருக்குக் கோபம் வந்தது. கழுத்து நரம்பு தெரியக் கோபம்.

அந்த ட்ரம்காரப் பெடியன் எல்லாப் பாட்டையும் அவசரப்படுத்தி ஓட்டினான் என்றார். உலகம் புகழும் அந்தத் தட்டைத் தான் வீட்டில் ஒரு நாளும் போட்டுக் கேட்டதில்லை என்றார். பிறகு சொன்னார்: "இதை ஏன் எனக்குச் சொல்கிறாய்? நான் உன் கணவன் இல்லை. ராஜாவிடம் போய்ச் சொல்."

அன்றைய வேலை அதோடு முடிந்தது.

லீக்ஸ்

நான் வீட்டுக்கு வந்தபோது இவர் குசினியில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். கோட்டோடே நின்று சொன்னேன். கொப்பிகளுக்கு இடையிலிருந்து உறையை எடுத்து வந்து மேசையில் வைத்தேன்.

உறையைத் திறக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். கத்தியைக் கழுவித் துடைத்து வைத்தார்.

"நான் அந்தக் கந்தோர்க்காரரை எவ்வளவு திட்டியிருப்பன்," என்றார். அவ்வளவுதான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். பாதி வெட்டிய லீக்ஸை நான்தான் சமைத்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஏமஸ் வீட்டுக்குப் போனார். எனக்கு வாசிக்கவில்லை. அடுத்த நவராத்திரி வந்தபோது, "வேறை ஆளைப் பாரும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ஒருவரைப் பிடித்தேன். வீட்டில் சாப்பாடு, மகளின் பள்ளிக்கூடம், வாடகை எல்லாம் வழமைபோல நடந்தன. பேசினோம். தாளம் மட்டும் இல்லை.

ஏமஸ் என்னைத் திரும்பக் கூப்பிட ஒரு மாதம் எடுத்தது. பாட்டு பாதியில் நிற்கிறது, வா என்றார். போனேன். இவரும் அங்கே இருந்தார். ஏமஸ் வில்லைப் பிடிக்க, நான் விரல் வைக்க, இவர் கம்பித் துடைப்பத்தால் ஒரு பழைய சூட்கேஸைத் தேய்த்தார். நாலு நிமிடப் பாட்டு. என்னை இவர் ஒரு தரமும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தேவாலயத்தில்

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஏமஸ் இறந்துபோனார். பால்ஹாம் தேவாலயத்தில் ஆட்கள் நிற்க இடமில்லை. அந்த நாலு நிமிடப் பாட்டைப் போட்டார்கள். எனக்கு முன் வாங்கில் இருந்த ஒரு பெண், ஏமஸின் வயலினைப் போல உண்டா என்று கண்ணைத் துடைத்தாள். அதில் பாதி என் விரல்கள் என்று அவளுடைய தோளைத் தட்டிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. செத்தவரோடும் எனக்குப் போட்டி விடவில்லை.

பிறகு இவரை வாசிக்கச் சொன்னார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒற்றை ட்ரம்மோடு தனியாக உட்கார்ந்து வாசித்தார். அழுதபடி வாசித்தார். அப்படி ஒரு வாசிப்பை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எனக்கு ஏன் நீங்கள் ஒருநாளும் அப்பிடி வாசிக்கேல்லை?"

கோட்டைக் கழற்றி மாட்டினார். "நீர் என்னைக் கேக்கிறது பிழை பிடிக்க. அவர் கேட்டது, அடுத்ததா நான் என்ன செய்யப்போறன் எண்டு அறிய."

கட்டிலுக்குக் கீழே குனிந்து மிருதங்கத்தை இழுத்து எடுத்து, தூசி தட்டி, அவருக்கு முன்னால் வைத்தேன். குசினிக்குப் போய் ரவையைக் குழைத்துக் கொண்டுவந்தேன். அவர் அதை நாதத்துக்காக இடந்தலையில் ஒட்டித் தட்டிப் பார்த்தார்.

"வயலின் எடுக்கேல்லையே?" என்றார்.

"இல்லை. நீங்கள் வாசியுங்கோ."

நான் நிலத்தில் இருந்தேன். பின்னேர வெயில் கம்பளத்தில் விழுந்திருந்தது. முதலில் ஆதி தாளத்தில் மெதுவாகத் தொடங்கினார். கை தயங்கியது, பிறகு பழகியது. நடுவில், எந்தப் பாடத்திலும் இல்லாத ஒரு நடை வந்தது. லூசியானாவில் எங்கேயோ ரயில் போவது போன்ற நடை. யாருடையது என்று எனக்குத் தெரியும். கணக்குச் சரியா என்று பார்க்க என் வலது கை தொடையில் தாளம் போட எழுந்தது. அதை மற்றக் கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, அடுத்ததாக இவர் என்ன செய்யப்போகிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.